இருபத்திமூன்றாவது படம்

2018ஆம் ஆண்டு மே மாதம். பாரிஸில் தமிழ்க் கடைகள் நிறைந்த லா சப்பலிலிருந்து நடந்து போகிற தூரத்தில், மார்க்ஸ் தொர்முவா பக்கம் ஒரு சின்ன மண்டபம் இருக்கிறது. நிலத்துக்குக் கீழே, ஜன்னல் இல்லாத இடம். பிறந்தநாள், பெரியபிள்ளையான பெண்பிள்ளைகளுக்குச் சாமத்தியவீடு என்று எங்கள் சனம் வாடகைக்கு எடுக்கிற மண்டபம்தான். அங்கே ஒரு சனி, ஒரு ஞாயிறு, இரண்டு நாட்கள் நடந்ததை நான் இதுவரை ஒருவருக்கும் முழுதாகச் சொன்னதில்லை. பாதி வெட்கம், பாதி பயம்.

முதலில் என்னைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். நான் யாழ்ப்பாணத்தாள். பிரான்சுக்கு வந்து அப்போதே இருபத்தைந்து வருடம். பாரிஸுக்கு வெளியே செவ்ரானில் வீடு, ஒரு பள்ளிக்கூடத்துச் சமையலறையில் வேலை. வாய் கொஞ்சம் நீளம் என்று வீட்டுக்காரர் சொல்வார், அது உண்மைதான். எனக்கு ஒரே ஒரு தம்பி. வன்னியில் இருந்தவன். 2009இல் சண்டை முடிந்த நாட்களோடு அவன் கதையும் நின்றுவிட்டது. செத்துப்போனான் என்றும் ஒருவர் சொல்லவில்லை, இருக்கிறான் என்றும் ஒருவர் சொல்லவில்லை.

என் மகளுக்கு அப்போது இருபது வயது. இங்கேயே பிறந்தவள். நான் தமிழில் ஒன்று கேட்டால் அவள் பிரெஞ்சில் ஒன்று சொல்லிவிட்டுப் போவாள். அப்படிப்பட்டவள் ஒருநாள் வந்து, தானும் தன் சிநேகிதப் பொடியன்கள் இரண்டு பேரும் சேர்ந்து காணாமல் போனவர்களின் படங்களை ஓரிடத்தில் மாட்டிவைக்கப் போவதாகச் சொன்னாள். எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. நாட்டைக் கண்ணாலும் காணாத பிள்ளைகள் நாட்டுக்காரருக்குப் படம் காட்டப்போகிறார்களாம்!

அந்த இரண்டு பொடியன்களையும் சொல்லவேண்டும். ஒருவன் பாரிஸிலேயே பிறந்தவன். சிங்களவன் என்ற சொல்லைக் கேட்டாலே அவனுக்கு மூக்கு நுனி சிவக்கும். தன் வாழ்நாளில் ஒரு சிங்களவரோடு ஒரு வார்த்தை பேசியிருப்பானா தெரியாது, கோபம் முழுவதும் கைபேசியில் பார்த்துப் படித்த கோபம். மற்றவன் வன்னிப் பொடியன். பன்னிரண்டு வயதில் கடைசிச் சண்டைக்குள் அகப்பட்டுத் தப்பி, பிறகு இங்கே வந்தவன். அவன் அதிகம் கதைக்கமாட்டான். என் மகள் இவர்களுக்கு நடுவில். அவளுடைய கொள்கை எனக்கு மனப்பாடம், ஏனென்றால் சண்டை பிடிக்கும்போது மட்டும் அவள் தமிழில் பேசுவாள்.

"அம்மா, வீட்டை எழுதித் தாங்கோ, நகையைத் தாங்கோ. உங்கடை சண்டையை மட்டும் எனக்குச் சீதனமாத் தராதேங்கோ."

நான் சும்மா விடுவேனா? "மாமனைப் பறிகுடுத்தனாங்கள், மறந்துபோடாதை" என்று திருப்பிக் கொடுப்பேன். அதற்காகத்தானே படம் மாட்டுகிறோம் என்பாள்.

மூவரும் வீடு வீடாகப் போய்ப் படம் சேர்த்தார்கள். வந்ததெல்லாம் கலியாண வீட்டுக் கூட்டத்தில் பாதி முகம், அடையாள அட்டையில் கறுத்துப்போன முகம், இடுப்பில் சாறத்தோடு கிணற்றடியில் நிற்கிற படம். பிள்ளைகள் அதை அப்படியே மாட்டவேண்டும் என்றார்கள். பெற்றவர்கள் விடவில்லை. சாறத்தோடையோ தொங்கவிடப் போறியள் என்று ஒரு தாய் அழுதே விட்டாள். கடைசியில் ஃபொபூர் சேன்-தெனித் தெருவில் எங்கள் ஆள் ஒருவர் வைத்திருக்கிற ஸ்டூடியோவில் கொடுத்து, முகங்களை எடுத்து, எல்லாருக்கும் கோட்டுப் போட்டுப் பெரிதாக அடிப்பது என்று முடிவானது. நினைவு மலர்களில் பார்த்திருப்பீர்கள், அதே நீலக் கோட்டு, கழுத்தில் அதே சிவப்பு ரை. மாலை, விளக்கு ஒன்றும் வைப்பதில்லை என்பதில் மட்டும் பிள்ளைகள் உறுதியாக நின்றார்கள். காணாமல் போனவர்கள், செத்தவர்கள் இல்லை என்பது அவர்களுடைய நியாயம். பெயரும் போடுவதில்லை, ஊரில் மிச்சமாக இருக்கிற சொந்தங்களுக்குத் தொந்தரவு வரும் என்று குடும்பங்கள் கேட்டுக்கொண்டன.

படங்களை எடுத்துவர நான்தான் போனேன். ஸ்டூடியோக்காரர் சுருளைச் சுற்றித் தந்தபடி, "ஒரே கோட்டுத்தான் அக்கா, ஆளுக்காள் தைக்கிறதுக்கு நானென்ன ரெய்லரோ?" என்று பகிடி விட்டார். முகங்களில் இருந்த பரு, தழும்பு, கறை எல்லாவற்றையும் துடைத்துவிட்டதாகப் பெருமையாகவும் சொன்னார். நானும் நன்றி சொல்லிவிட்டு ரயில் ஏறினேன்.

வீட்டில் ஒருவரும் இல்லை. வரவேற்பறைத் தரையில் ஒவ்வொன்றாக விரித்தேன். மத்தியான வெயில் ஜன்னலுக்குள் அடித்துக்கொண்டிருந்தது. ஒரே தோள், ஒரே கோட்டு, ஒரே ரை முடிச்சு. அதற்குமேல் முகம் மட்டும் மாறிமாறி வருகிறது. துடைத்துத் துடைத்து அந்த முகங்களும் ஒன்றுக்கொன்று சகோதரம் போலாகிவிட்டன. வாழ்நாளில் ஒரு கோட்டைத் தொட்டுப்பாராத என் தம்பி, வங்கி மனேஜர் மாதிரி என்னைப் பார்த்துக்கொண்டு கிடந்தான். அவனைக் கண்டுபிடிக்க எனக்கே கொஞ்ச நேரம் எடுத்தது.

எண்ணிப் பார்த்தேன். படம் தந்தவர்களின் பட்டியலில் இருபத்திரண்டு பேர். தரையில் இருபத்திமூன்று படம். திரும்ப எண்ணினேன், பட்டியலோடு ஒவ்வொன்றாகச் சரிபார்த்தேன். ஒரு முகம் மிஞ்சியது. இருபது, இருபத்தொரு வயதிருக்கும். மெல்லிய மீசை. சிரிக்க நினைத்து நிறுத்தியது போல வாய். யார் என்று தெரியவில்லை, ஆனால் எங்கேயோ கண்ட முகம். கிட்டத்தட்ட என் தம்பிதான், அவனுக்கு இன்னும் கொஞ்சம் நல்ல காலம் இருந்திருந்தால் இப்படி இருந்திருப்பான் என்று நினைத்தேன். பாவம், யார் பெற்ற பிள்ளையோ என்று அந்தக் கன்னத்தைத் தடவியும் விட்டேன். பிறகு எல்லாவற்றையும் அடுக்கி, அந்தப் படத்தை அடியில் வைத்துக் கட்டினேன்.

காலையில் எழும்பிப் பார்த்தால் அது மேலே கிடக்கிறது! பேயைக் கண்டவள் போல நின்றேன். மகளிடம் கேட்டதற்கு, தான்தான் எடுத்துப் பார்த்ததாகச் சொன்னாள். இது யார் என்றேன். ஒரு சிநேகிதியின் அண்ணன் என்றாள், கண்ணைப் பார்க்காமல். எனக்கு வேலைக்கு நேரமாகிவிட்டது, அதோடு விட்டுவிட்டேன்.

சனிக்கிழமை மண்டபம் திறந்தது. சுவரில் ஆணி அடிக்கக்கூடாது என்று மண்டபக்காரர் சொல்லிவிட்டதால், படங்களை மட்டையில் ஒட்டி, கூரையிலிருந்து நூலில் தொங்கவிட்டிருந்தார்கள். ஆள் உயரத்தில் முகம் இருந்தது. அந்தத் தெருவுக்கு அடியில் மெத்ரோ ஓடுகிறது. ஒவ்வொரு ரயிலுக்கும் தரை இலேசாக அதிரும், இருபத்திமூன்று கோட்டும் ஒன்றாக நடுங்கும், பிறகு மெல்லமெல்ல ஆளுக்கொரு பக்கம் திரும்பும். முதுகைக் காட்டி நிற்கிற படம் நீங்கள் கடந்துபோனதும் உங்கள் பக்கம் திரும்பியிருக்கும். வந்த சனம் ஒருவரும் சத்தம் போடவில்லை. வாய்க்காரி நானே குசுகுசுத்தேன்.

விசித்திரம் என்னவென்றால், வந்தவர்கள் தங்கள் தங்கள் படத்துக்கு முன்னால் நின்று அழுதுவிட்டு, கடைசியில் அந்த மிஞ்சின படத்துக்கு முன்னால் வந்து நின்றார்கள். ஒருவர் தன் மச்சானின் சாயல் என்றார். இன்னொருவர் தன்னோடு படித்தவனாக இருக்கலாம் என்றார். கேட்கக் கேட்க எனக்கு உள்ளுக்குள் ஒரு மாதிரியாக இருந்தது.

பின்னேரம் மாமி வந்தார். எங்களுக்குச் சொந்தம் இல்லை. செவ்ரானில் எங்கள் கட்டடத்துக்கு இரண்டு கட்டடம் தள்ளி, மகளோடு இருக்கிறார். அறுபது வயதுக்கு மேல். முல்லைத்தீவுப் பக்கம். சண்டை முடிந்த நாளில், பெயர் பதியவேண்டும் என்று இலங்கை ராணுவத்து ஆமிக்காரர் பஸ்ஸில் ஏற்றியபோது, பத்தொன்பது வயது மகனைத் தானே கையைப் பிடித்து ஏற்றிவிட்டவர். "போ மோனை, பேரைக் குடுத்துப்போட்டு வா" என்று தான் சொன்னதை அவர் எத்தனை தரம் எனக்குச் சொல்லியிருப்பார் என்று கணக்கில்லை. அந்தப் பஸ் திரும்பி வரவில்லை. எங்கள் பிள்ளைகள் படம் கேட்டுப் போனபோது மாமியிடம் ஒரு படமும் இருக்கவில்லை. இடம்பெயர்ந்த வழியில் எல்லாம் தண்ணியோடு போய்விட்டது. இடது புருவத்தில் ஒரு வெட்டுத் தழும்பு இருக்கும் என்று மட்டும் சொல்லி அனுப்பினார். மற்றவர்களின் பிள்ளைகளையாவது பார்ப்போம் என்றுதான் அன்றைக்கு வந்தார்.

ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு வந்தவர் அந்தப் படத்துக்கு முன்னால் நின்றார். நான் தேத்தண்ணீர் கொண்டுபோனேன். வாங்கவில்லை. அப்போது கீழே ரயில் போனது. படம் மெல்லத் திரும்பி அவர் முகத்துக்கு நேரே வந்து நின்றது.

"இது என்ரை பிள்ளை" என்றார்.

சத்தம் போட்டுச் சொல்லவில்லை. கடையில் தன் பையை அடையாளம் காட்டுகிறவர் மாதிரிச் சொன்னார். நான் பதறிப்போனேன். மாமி, புருவத்தில் தழும்பு இல்லையே என்றேன். "கடைக்காரன் அழிச்சுப்போட்டான். எல்லாற்றை முகத்தையும் துடைச்சிருக்கிறான், பாக்கேல்லையோ நீ?" என்றார். அவர் சொன்னது உண்மைதானே. பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு அடுத்த கேள்வியைக் கேட்டார். என்னட்டைப் படம் இல்லை, அப்ப இதைக் கொண்டுவந்தது ஆர்? கொண்டுவந்தவைக்கு அவன் இருக்கிற இடம் தெரியும்தானே?

ஒன்பது வருடம் கழித்து அந்த மனுசியின் கண்ணில் வெளிச்சம் வந்ததை நான் கண்டேன்.

மகளை இழுத்துக்கொண்டு பின்னால் இருந்த சமையலறைக்குப் போனேன். வன்னிப் பொடியனும் கூட வந்தான். யார் இது, உண்மையைச் சொல்லு என்றேன். அவள் கைபேசியைத் திறந்து நீட்டினாள். அதே முகம். அதே மீசை, சிரிக்க நினைத்து நிறுத்திய அதே வாய். தலையில் ஆமித் தொப்பி, கழுத்து வரை ஆமி உடுப்பு.

அன்றைக்கு வீட்டில் நான் தடவிய கன்னம். தம்பியின் சாயல் என்று நான் இரங்கிய முகம். ஒரு தொப்பி ஏறியதும் அந்த முகம் எனக்குப் பயம் காட்டியது. தொப்பியை விரலால் மறைத்தேன், பாவமாக இருந்தது. விரலை எடுத்தேன், ஆமிக்காரன். அப்படியே இரண்டு மூன்று தரம் மறைத்து மறைத்துப் பார்த்துக்கொண்டு நின்றேன், விசரி மாதிரி.

மகளோடு படிக்கிற ஒரு சிங்களப் பிள்ளையின் அண்ணனாம். சண்டையின் கடைசி மாதங்களில் அவனும் காணாமல் போனானாம், உடலும் வரவில்லையாம், ஒரு கடிதமும் வரவில்லையாம். என் மகள் முகத்தை மட்டும் வெட்டி ஸ்டூடியோவுக்கு அனுப்பியிருக்கிறாள், கடைக்காரர் வழக்கம்போலக் கோட்டைப் போட்டுவிட்டார். மாட்டுவதா வேண்டாமா என்று மூவரும் வாக்கெடுத்தார்களாம். பாரிஸ் பொடியன் முடியாது என்றானாம். மகள் மாட்டவேண்டும் என்றாளாம். மூன்றாவது வாக்கு வன்னிப் பொடியனுடையது.

எனக்கு நெஞ்சு கொதித்தது. நீயுமாடா, நீ அங்கே இருந்து எல்லாத்தையும் பார்த்தவன் அல்லவா என்று அவனைக் கேட்டேன். அவன் நிலத்தைப் பார்த்தபடி சொன்னான்.

"பாத்தபடியால்தான் அன்ரி. அவங்கடை ஆக்களும் அங்கை கிடந்தவங்கள். அவங்களையும் ஒருத்தரும் தூக்கேல்லை. நான் அவங்களோடை உறவு கொண்டாடமாட்டன், கை குடுக்கவும் மாட்டன். படத்தை மாட்டட்டும்."

மகள் இப்போதே போய் மாமியிடம் உண்மையைச் சொல்லவேண்டும் என்று நின்றாள். நான் கதவை மறித்தேன். வெளியே அறுபது எழுபது சனம். எங்கள் பிள்ளைகளுக்கு நடுவில் ஆமிக்காரனைத் தொங்கவிட்டவள் என்று என் மகளைச் சொல்வார்கள். ஊர் வாயை மூட உலைமூடி இல்லை. உண்மையைச் சொல்கிறேனே, அந்த நேரத்தில் நான் மாமியைப் பற்றி நினைக்கவே இல்லை. எங்கள் மானத்தைப் பற்றித்தான் நினைத்தேன்.

வெளியே போய், வாய் கூசாமல் ஒரு பொய் சொன்னேன். படம் கொண்டுவந்தவர் இன்றைக்கு வரவில்லை மாமி, நாளைக்கு வருவார், அப்போது கேட்டுப்பார்ப்போம். எப்படியாவது அவரை அனுப்பிவிட்டு, இரவோடு படத்தைக் கழற்றிவிடலாம், நாளைக்கு வேறொரு பொய் சொல்லலாம் என்பது என் யோசனை. மாமி என் தலையைத் தடவிவிட்டுப் போனார்.

ஆனால் படத்தைக் கழற்ற முடியவில்லை. அன்று மண்டபத்தைப் பூட்டும்போது மகளும் வன்னிப் பொடியனும் அதன் முன்னால் வந்து நின்றார்கள். அதைவிட அதிசயம், வேண்டாம் என்று வாக்களித்த பாரிஸ் பொடியனும் வந்து நின்றான். வாக்கிலை தோத்தது தோத்ததுதான் அன்ரி, இப்பக் கழட்டினா, அங்கை அவங்கள் எங்கடை ஆக்களின்ரை அடையாளத்தை அழிக்கிறதைத்தான் நாங்களும் செய்யிறம் என்றான். மூக்கு நுனி சிவந்துதான் இருந்தது. நான் மூன்று பேரையும் திட்டித் தீர்த்துவிட்டு வீட்டுக்கு வந்தேன்.

ஞாயிறு காலை பத்து மணிக்கு மண்டபம் திறக்கவேண்டும். நாங்கள் போக மாமி படிக்கட்டில் உட்கார்ந்திருந்தார். பச்சைக்கரைப் பட்டுச்சேலை, தலையில் பூ இல்லை, ஆனால் வாரி முடிந்திருந்தார். மடியில் ஒரு சாப்பாட்டுப் பெட்டி. விடிய எழும்பிப் புட்டு அவித்து, மீன்குழம்பு வைத்து, முட்டையும் பொரித்துக் கொண்டுவந்திருந்தார். மகனைப் பற்றிச் செய்தி கொண்டுவருகிற ஆளை வெறும் வயிற்றோடு விடலாமா என்று கேட்டார்.

வாய் புளித்ததோ மாங்காய் புளித்ததோ என்று நான் சொன்ன ஒரு பொய். அதை நம்பி ஒரு தாய் இரவு முழுக்க நித்திரை கொள்ளாமல் இருந்திருக்கிறாள். அப்போதாவது சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

மாமி படத்துக்கு முன்னால் கதிரையைப் போட்டு உட்கார்ந்தார். பெட்டி மடியில். படியில் யார் இறங்கினாலும் நிமிர்ந்து பார்ப்பார். பதினொன்று, பன்னிரண்டு. கீழே ரயில் போகும், படம் அந்தப் பக்கம் திரும்பும், மாமி எழும்பி அதன் தோளைப் பிடித்து நேராக்கிவிட்டு மறுபடி உட்காருவார். பள்ளிக்கூடத்துக்குப் போகிற பிள்ளைக்குச் சட்டையைச் சரிசெய்கிற மாதிரி.

ஒரு மணி இருக்கும். ஒரு பிள்ளை தனியாகப் படியிறங்கி வந்தாள். கறுப்புக் கால்சட்டை, தோளில் புத்தகப் பை. எங்கள் பிள்ளை ஒன்று என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். நேரே போய் அந்தப் படத்துக்கு முன்னால் நின்றாள். கோட்டைப் பார்த்து ஒரு கணம் குழம்பினாள், பிறகு முகத்தைக் கண்டுகொண்டாள். கையால் வாயைப் பொத்தினாள்.

மாமி அவளைப் பார்த்தார். படத்தைப் பார்த்தார். மறுபடி அவளைப் பார்த்தார். அதே வாய், அதே நாடி. சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும்.

"நீ ஆற்றை பிள்ளை?" என்றார்.

அவளுக்குத் தமிழ் தெரியாது. பிரெஞ்சில், இது என் அண்ணன் என்றாள். பப்பியே என்கிற வதிவிட அனுமதிக்காகப் படித்த பிரெஞ்சு வகுப்பில் அம்மா, அண்ணன், தங்கை என்ற சொற்களைத்தான் மாமிக்கு முதலில் படிப்பித்திருக்கிறார்கள். மொழிபெயர்க்கத் தேவை இருக்கவில்லை. அவருடைய முகத்தில் அந்த வெளிச்சம் அணைந்ததை நான் நேருக்கு நேர் பார்த்தேன். அணைத்தது நான்.

என் மகள் ஓடிவந்தாள். மாமிக்குப் பக்கத்தில் நிலத்தில் முழங்காலில் இருந்து, முழுவதையும் தமிழில் சொன்னாள். தடுமாறித் தடுமாறிச் சொன்னாள், ஆனால் ஒன்றையும் மறைக்கவில்லை. சிங்களம் என்றும் சொன்னாள், ஆமி என்றும் சொன்னாள். பக்கத்தில் நின்றவர்களுக்கும் கேட்டது. ஒருவர் செருமிவிட்டுப் படியேறிப் போனார். பின்னால் இன்னும் நாலு பேர் போனார்கள். மற்றவர்கள் போகவில்லை, கிட்டவும் வரவில்லை.

எழும்பி அடிப்பாரோ, மண்ணை வாரித் தூற்றுவாரோ என்று நான் பயந்துகொண்டிருந்தேன். கடைசியில் என் மகளிடம் கேட்டார். "கேள் பிள்ளை, இவளின்ரை தமையன் அந்தப் பஸ்ஸடியிலை நிண்டவனோ எண்டு. நிண்டிருந்தா என்ரை மோனைக் கண்டிருப்பான்."

மகள் பிரெஞ்சில் கேட்டாள். அந்தப் பிள்ளை தலையை ஆட்டினாள். அதற்கு இரண்டு மாதம் முதலே அவன் காணாமல் போய்விட்டானாம். பிறகு அவளும் ஒன்று கேட்டாள், மெல்லிய குரலில், நிலத்தைப் பார்த்தபடி. என் மகள் அதைத் தமிழில் சொன்னாள். அவள் கேட்கிறாள் மாமி, நீங்கள் அந்தப் பக்கம் இருந்தனீங்கள்தானே, அங்கை கிடந்த ஆக்களிலை இந்த முகத்தைக் கண்டனீங்களோ எண்டு.

மாமி எழும்பிப் படத்துக்குக் கிட்டப் போய், ஒவ்வொரு இடமாகப் பார்த்தார். காணவில்லை என்று தலையை ஆட்டினார். அதைப் பிரெஞ்சில் சொல்ல மகள் வாயைத் திறக்க, சட்டென்று அவள் தோளைப் பிடித்தார்.

"இல்லையெண்டு சொல்லாதை. தெரியாதெண்டு சொல்லு."

அந்தப் பிள்ளை தாய்க்குக் காட்ட ஒரு படம் பிடித்துக்கொண்டு போய்விட்டாள்.

மாமியைச் செவ்ரானுக்குக் கூட்டிக்கொண்டு போனது நான்தான். ரயிலில் எதிரெதிரே உட்கார்ந்தோம். அந்தப் பெட்டி இன்னும் அவர் மடியில். நான் குனிந்தபடி, மாமி, நேற்று நான் சொன்னது பொய் என்றேன். தெரியும் என்றார். பிறகு பெட்டியைத் திறந்து என் மடியில் வைத்தார். "சாப்பிடு. ஆற்றையும் வயித்துக்குப் போகவேணும்." ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம், ஆட்கள் பார்க்கிறார்கள், மீன்குழம்பு மணக்கிறது. மகனின் செய்தி கொண்டுவருகிறவருக்காக அவித்த புட்டை, பொய் சொன்ன நான் சாப்பிட்டேன். ஒவ்வொரு வாயும் தொண்டையில் நின்று நின்று இறங்கியது. முடியும் வரை அவர் கண்ணெடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

கடைசி வாயை நான் விழுங்கிய பிறகுதான் கேட்டார், அந்தப் படத்தின் பிரதி ஒன்று தனக்கும் வேண்டும் என்று. எனக்கு விளங்கவில்லை. மாமி, அது சிங்களப் பொடியன், ஆமிக்காரன் என்றேன். அவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு சொன்னதை நான் சாகும்வரை மறக்கமாட்டேன்.

"அவன்ரை முகம் எனக்கு மறந்துபோச்சுப் பிள்ளை. ஆரும் கேட்டா புருவத்துத் தழும்பைச் சொல்லுவன். மற்றது ஒண்டும் ஞாபகத்திலை இல்லை. ஒரு தாய் இதை வெளியிலை சொல்லலாமோ? நேற்று அதைக் கண்ட பிறகுதான், இப்பிடி ஒரு மூக்கு, இப்பிடி ஒரு வாய் எண்டு மனசிலை ஒரு முகம் வந்துது. அதையும் பறிச்சுப்போடாதேங்கோ."

மகள் அந்தப் பிள்ளையிடம் கேட்டாள். அவளுடைய தாய் முதலில் மாட்டேன் என்றுவிட்டாராம். தமிழ் வீட்டில் தன் மகனின் படத்தை என்ன செய்வார்களோ என்ற பயம். இரண்டு கிழமை கழித்து, சரி, ஆனால் மாலை போடவேண்டாம் என்று சொல்லி அனுப்பினார். அது சொல்லாமலே மாமிக்குத் தெரிந்த விஷயம்.

வருடங்கள் போய்விட்டன. மகள் இப்போது வேலைக்குப் போகிறாள், இன்னமும் என்னோடு பிரெஞ்சில்தான் பேசுகிறாள், ஆனால் நான் இப்போது அவளோடு நாட்டைப் பற்றிச் சண்டைக்குப் போவதில்லை, கேட்கிறேன். தம்பியை நினைத்துக் கண்ணை மூடினால் சில நாட்களில் எனக்கும் முதலில் வருவது அந்த முகம்தான். திடுக்கிட்டுக் கண்ணைத் திறந்துவிடுவேன்.

மாமி வீட்டு வரவேற்பறையில் அந்தப் படம் இருக்கிறது. மாலை இல்லை, விளக்கு இல்லை. புதிதாக வருகிறவர்கள் பார்த்துவிட்டு, உங்கடை மோனோ, உங்களை உரிச்சு வைச்ச மாதிரி இருக்கிறார் என்பார்கள். மாமி பதில் சொல்லமாட்டார், திரும்பி என்னைப் பார்ப்பார். நான் தலையாட்டி "ஓம்" என்பேன். அன்றைக்குப் பொய் சொல்லிவிட்டுச் சாப்பிட்ட புட்டு தொண்டையில் நின்று நின்றுதான் இறங்கியது; இந்த "ஓம்" இத்தனை வருடமாக ஒரு தரமாவது என் தொண்டையில் சிக்கவில்லை என்பதுதான் எனக்கு இன்றைக்கும் ஆறுதலாகவும் இருக்கிறது, பயமாகவும் இருக்கிறது.